வெடிக்கு அசையாத நாய்

சிமெண்டுத் தரையில் இரும்புச் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டால் இந்த வயதிலும் என் கால் தானாக ஓர் அடி பின்னுக்குப் போய்விடுகிறது. கோயில் வாசலில் யானையைக் கட்டியிருந்தாலும் சரி, கடைத்தெருவில் யாரோ கதவை இழுத்துச் சாத்தினாலும் சரி, முதலில் கால் பின்வாங்கும், அப்புறம்தான் புத்தி வந்து அது துரை இல்லை என்று சொல்லும். துரை என்பது எங்கள் வீட்டில் வளர்ந்த நாயின் பெயர். உடம்பெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக இருந்ததால் அப்பா அந்தப் பெயரை வைத்தார். குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு எந்த ஜாதி நாய் வாங்குவது என்று பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசி, கடைசியில் எதை வாங்கக் கூடாதோ அதையே தேடிப் பிடித்து வாங்கின கதை இது.

எங்கள் ஊர் நன்னிலத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி, சுற்றிலும் வயலாக இருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஆட்சி மாறிச் சில காலம் ஆகியிருந்தது. டீக்கடை ரேடியோவில் புது மந்திரிகளின் அடுக்குமொழி கேட்கும்போதெல்லாம் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடுவார். ‘உச்சவரம்பு’ என்ற சொல்லை நான் பாடப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே வீட்டில் கேட்டுவிட்டேன். ஒருவர் இவ்வளவு நிலம்தான் வைத்துக்கொள்ளலாம் என்ற அந்தச் சட்டத்துக்குப் பயந்து அப்பா நிலத்தைப் பிரித்து என் பெயரிலும் தம்பி பெயரிலும் எழுதி வைத்திருந்தார். தம்பி சேகர் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். இடுப்பில் அரைஞாண் கயிற்றைத் தவிர வேறு ஒன்றும் இல்லாத அந்த மிராசுதாரைத் தூக்கிக்கொண்டு இன்னொரு மிராசுதாராகிய நான் தெருவெல்லாம் சுற்றினேன்.

சேரியின் முகப்பில் சிவப்புக்கொடி ஏறியிருந்தது. அறுப்புக் கூலியாக அளக்கும் நெல்லைக் கூட்டிக் கேட்டு ஆட்கள் ‘சங்கம்’ சேர்ந்திருந்தார்கள். கூட்டிக் கொடுக்க முடியாது என்று சொன்ன ஊர்களில் வெளியூர் ஆட்களைக் கொண்டு வந்து வயலில் இறக்கினார்கள், அங்கெல்லாம் அடிதடி ஆயிற்று. கிழக்கே ஓர் ஊரில் வீடுகள் எரிந்ததைப் பற்றிப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். எரிந்தது யாருடைய வீடு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எரிந்தால் எங்கள் வீடுதானே எரியும் என்ற நினைப்பிலேயே படுத்துக் கிடந்தேன். அப்பா ஜன்னல்களுக்குக் கம்பி போட்டார். அம்மா தன் சேலைத் தலைப்பைத் தம்பியின் அரைஞாணில் முடிந்துகொண்டுதான் தூங்குவாள். கதிர் அறுக்கிற கருக்கரிவாளை நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன், ஆனால் அந்த வருஷம்தான் அதன் பல்லைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது.

நாய் வாங்கும் யோசனை அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. தெருவில் கிடக்கிற குட்டி ஒன்றைத் தூக்கி வந்து சோறு போட்டால் போதும், பிள்ளைகளின் காலைச் சுற்றிக்கொண்டு கிடக்கும் என்றாள் அம்மா. அப்பா ஒப்பவில்லை. ஊர் நாய்க்குச் சேரியிலும் சோறு, தெருவிலும் சோறு. பக்கிரியைக் கண்டாலும் அது வாலை ஆட்டும், நம்மைக் கண்டாலும் ஆட்டும், அப்படிப்பட்டதை வைத்துக்கொண்டு என்ன காவல் என்றார். பக்கிரி எங்கள் வீட்டுப் பண்ணையாள். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவாரூர்த் தெப்பம் பார்க்க வைத்தவன். யாருக்குப் பயந்து நாய் வாங்குகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நாய் விஷயத்தில் எங்களுக்குத் துணை அம்மாவின் தம்பி, நீடாமங்கலம் ஜங்ஷனில் பார்சல் ஆபீசில் வேலை பார்த்த மாமா. கோழிக் கூடையிலிருந்து குதிரைக்குட்டி வரை அவர் கையால் ரசீது போடாத பிராணி இல்லை. அல்சேஷன் நல்ல நாய்தான், ஆனால் நம் பக்கத்து வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிடக்கும், கறிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது என்றார். ‘சடைநாய்’ மடியில் வைத்துக் கொஞ்சத்தான் ஆகும். கோம்பை நாய் கடித்தால் விடாது, பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம். ராஜபாளையம் என்று அப்பா தொடங்கியதுமே மாமா கையை ஆட்டினார்.

“அது ஒருத்தருக்குத்தான் அடங்கும் அத்தான். புள்ளைங்க இருக்கற வீட்டுக்குச் சரிப்படாது.”

“ஒருத்தருக்கு அடங்கினா போதும்டா. அந்த ஒருத்தன் நானா இருந்தா சரி” என்றார் அப்பா. பயம் வந்துவிட்டால் மனுஷனுக்குக் காதில் பாதிதான் விழும் போலிருக்கிறது.

மேட்டூர் அணை திறப்பதற்கு முன்னால் ஒரு நாள், குட்டி வந்திருக்கிறது என்று மாமா ஸ்டேஷனிலிருந்து ஆள் அனுப்பினார். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பிளாட்பாரத்தின் கோடியில் வேப்பமரத்தடியில் ஒரு மூங்கில் கூடை, அதன் மேல் ஈரச் சாக்கு. சாக்கை எடுத்ததும் உள்ளே இரண்டு ராஜபாளையம் குட்டிகள். ஒன்றுக்குக் காதோரத்தில் செம்பட்டையாக ஒரு திட்டு. மற்றது ஒரு புள்ளிகூட இல்லாத சுத்த வெள்ளை, மூக்கு ரோஜா நிறம். அப்பா நாலடி தள்ளி நின்று நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டார். திட்டு விழுந்த குட்டி கூடையிலிருந்து உருண்டு விழுந்து ஓடி வந்து என் பாவாடையைக் கடித்து இழுத்தது. வெள்ளைக் குட்டி அசையாமல் உட்கார்ந்து தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மன்னார்குடிப் பக்கமிருந்து ஒரு ரயில் ஊதிக்கொண்டு வந்து நின்றது. திட்டுக்குட்டி என் கால்களுக்கு நடுவில் ஒளிந்துகொண்டது. வெள்ளைக் குட்டி கொட்டாவி விட்டது.

அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பல மாதமாகப் பார்த்ததில்லை. கூப்பிட்டவன் பின்னால் எல்லாம் ஓடுவது காவல் நாய் இல்லை, ரயிலுக்கே பயப்படாதது அரிவாளுக்கா பயப்படப் போகிறது என்றார். எனக்குத் திட்டுக்குட்டியை விட மனமில்லை. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன், பலிக்கவில்லை. அதை ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

துரை வளர்ந்த வேகம் எங்கள் பயத்துக்குத் தீனி போட்டது. ஆடியில் என் முழங்காலுக்கு வந்தது, ஐப்பசியில் இடுப்புக்கு வந்துவிட்டது. அதன் கண்கள் வெளிறிப்போய், நம்மைத் தாண்டி எதையோ பார்க்கிற மாதிரி இருக்கும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு நாளும் வந்ததில்லை. சோற்றுத் தட்டைக் கண்ணால் கண்டால் வரும், இல்லாவிட்டால் இல்லை. ஜாதி நாய் அப்படித்தான், அதற்கு இஷ்டப்பட்டால்தான் வரும் என்று அப்பா விளக்கம் சொல்வார். பின்பக்கமாக யாராவது போய்விட்டால் மட்டும் அம்பு போலத் திரும்பிப் பல்லைக் காட்டும். அதனால் கொல்லைக்குப் போகும்போது அதன் முகத்துக்கு எதிரே வந்து, அது என்னைப் பார்த்துவிட்டது என்று தெரிந்த பிறகே கிணற்றடிக்குப் போவேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கிணற்றடிச் சிமெண்டுத் தரையில் அது இழுத்துக்கொண்டு திரியும் சங்கிலியின் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்று நின்று கவனிப்பேன். ஆளுக்குப் பயந்து நாய் வாங்கினோம், நாய்க்குப் பயந்து வீட்டுக்குள் நடந்தோம்.

தீபாவளியன்று தெருவே அதிர வெடித்தார்கள். ஊர் நாய்கள் எல்லாம் வயலைப் பார்க்க ஓடிவிட்டன. துரை மட்டும் நார்த்தை மரத்தடியில் நிம்மதியாகத் தூங்கியது. பத்தடி தூரத்தில் அணுகுண்டு வெடித்தபோது அது ஒரு காலை நீட்டி மடக்கிக்கொண்டதைத் தெருவே வந்து பார்த்தது. ‘வெடிக்கு அசையாத நாய்’ என்று அப்பாவுக்கு அதைவிடப் பெரிய பட்டம் யாரும் கொடுத்திருக்க முடியாது. அன்றிலிருந்து அவர் குறட்டை விட்டுத் தூங்க ஆரம்பித்தார்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலை செய்கிறவர்கள் வீட்டு வாசலுக்கு வரமாட்டார்கள். வரவிட மாட்டார்கள் என்பதுதான் சரி. கொல்லை வேலிக்கு அப்பால், மூங்கில் படலுக்கு வெளியே நின்று, “அம்மா, நான் அஞ்சலை வந்திருக்கேன்” என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து யாராவது போய் என்ன என்று கேட்கும்வரை வெயிலோ மழையோ அங்கேயே நிற்க வேண்டும். அஞ்சலை பக்கிரியின் மனைவி, நடவிலும் அறுப்பிலும் பெண்களுக்கு முன்னால் நிற்பவள். அவள் அப்படிக் குரல் கொடுக்கும்போது துரை குரைக்காமல் கிடக்கும். பழகின குரல் எது, பழகாத குரல் எது என்று நாய்க்குத் தெரிந்திருக்கிறது பார் என்று அப்பா அதற்கும் மெச்சுவார். அந்தத் தை மாதம் சங்கத்தில் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள்: இனிமேல் யாரும் படலுக்கு வெளியே நின்று கத்தக் கூடாது, மனுஷர் மாதிரி உள்ளே போய்ப் பேச வேண்டும் என்று. அது எங்கள் வீட்டுக்குத் தெரியாது.

சம்பா முற்றி, கதிர் தலை சாய்ந்து நின்றது. கூலிப் பேச்சு தீரவில்லை. வெளியூர் ஆட்களைப் பேசி வர அப்பா காலையிலேயே கிளம்பிப் போயிருந்தார். பிற்பகல் வெயிலில் அம்மா கிணற்றடியில் தவலையைத் துலக்கிக்கொண்டிருந்தாள், நான் கொல்லை வாசற்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தம்பி எப்போது இறங்கிப் போனான் என்று இருவரும் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது அவன் நார்த்தை மரத்தடியில், தூங்குகிற துரையின் முதுகுப் பக்கம், அதன் வாலைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடிப் போய்க்கொண்டிருந்தான். நோட்டைப் போட்டுவிட்டு எழுந்தேன். அதே சமயம் படலைத் திறந்துகொண்டு அஞ்சலை உள்ளே வந்தாள். குரல் கொடுக்காமல், யாரையும் கேட்காமல், நேரே கொல்லை நடுவரை வந்துவிட்டாள். இடுப்பில் அரிவாள் செருகியிருந்தது. வீட்டில் எல்லோரும் மாதக்கணக்காகப் பயந்துகொண்டிருந்தது நடக்கப் போகிறது என்று நினைத்தேன்.

தம்பி வாலின் மேல் பொத்தென்று விழுந்தான். துரை சுழன்று திரும்பியது. அதன் வாய் திறந்ததையும் தம்பியின் கன்னம் அதற்கு நேரே இருந்ததையும் பார்த்தேன். நடுவில் ஒரு கறுத்த கை வந்தது. அஞ்சலை தன் இடது கையை அதன் வாயில் கொடுத்துவிட்டு, வலது கையால் தம்பியைப் பிடித்து அம்மா பக்கம் தள்ளினாள். அவள் கையிலிருந்து ரத்தம் நார்த்தை இலைகளின் மேல் சொட்டியது. இடுப்பில் இருந்த அரிவாளை அவள் தொடவே இல்லை.

நாய் தானாகவே விட்டது. விட்டுவிட்டு, தன்னைப் பின்னாலிருந்து தொட்டது யார் என்று தெரியாத குழப்பத்தோடு எங்களைப் பார்த்தது. ஓடி வந்த அம்மாவின் கால் பட்டுப் பித்தளைத் தவலை கிணற்று மேடையிலிருந்து துரைக்குப் பின்னால் உருண்டு விழுந்தது. அந்தச் சத்தத்துக்குத் தெருக்கோடியில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். துரை திரும்பவில்லை. அம்மா தம்பியை மார்போடு அணைத்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மா தன் முந்தானையைக் கிழித்து அஞ்சலையின் கையைக் கட்டினாள். நீ மட்டும் வழக்கம்போல வெளியே நின்றிருந்தால், என்று தொடங்கி முடிக்க முடியாமல் அழுதாள். அஞ்சலை, தவலைச் சத்தத்துக்கும் திரும்பாத நாயைப் பார்த்தாள்.

“வெளிய நின்னு கூப்புட்டிருந்தா நாய்க்கும் கேட்டிருக்காது, உங்களுக்கும் கேட்டிருக்காதும்மா” என்றாள். அப்புறம் வந்த காரியத்தையும் சொன்னாள். கூலி தீராமல் நாளைக்கு அறுப்புக்கு யாரும் இறங்க மாட்டார்கள் என்று சொல்லத்தான் அவளை அனுப்பியிருந்தார்கள்.

அப்பா வந்ததும் வண்டி பூட்டினார். ஆட்கள் வண்டியில் ஏறுவது வழக்கமில்லை, அதனால் அஞ்சலை பின்னால் நடக்கத் தயாராக நின்றாள். அம்மா வாசலுக்கே வந்து, “அவளை ஏறச் சொல்லுங்க” என்றாள். அப்பா தயங்கிவிட்டு வண்டியின் பின்தட்டியை அவரே இறக்கிவிட்டார். திருவாரூர் பெரியாஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றி ஊசி போட ஆரம்பித்தார்கள். நாயை அடித்துப் போட்டுவிடாதீர்கள், கட்டி வைத்துப் பத்து நாள் பாருங்கள், உயிரோடு இருந்தால் பயமில்லை, செத்தால் உடனே வந்து சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

நாய்க்குக் காது கேட்காது என்று அம்மா சொன்னதை அப்பா நம்பவில்லை. மறுநாள் காலையில், தீபாவளிக்கு வாங்கி மீந்திருந்த அணுகுண்டு ஒன்றைக் கொண்டு வந்து துரைக்குப் பின்னால் வைத்துப் பற்ற வைத்தார். நாங்கள் காதைப் பொத்திக்கொண்டோம். வெடித்தது. துரை ஒரு காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெயரைக் கூப்பிட்டதும், ரயில் ஊதியதும், தீபாவளியும் எல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போயின. இத்தனை மாதம் எங்கள் குடும்பமே ஒரு செவிட்டு நாயை நம்பித் தூங்கியிருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு அன்று பகலிலேயே பயம் வந்துவிட்டது.

ஆனால் அதைவிடப் பெரிய பயம் இனிமேல்தான் இருந்தது. தினமும் விடிந்ததும் பக்கிரி வருவான். அப்பாவே போய்ப் படலைத் திறப்பார். பக்கிரி நேரே நார்த்தை மரத்தடிக்குப் போய், துரையின் எதிரே குந்தி உட்கார்ந்து, அதன் வாயையும் கண்ணையும் பார்ப்பான். எந்த மனுஷனை உள்ளே விடாமல் இருக்க அந்த நாயை வாங்கினோமோ அந்த மனுஷன் அது உயிரோடிருக்கிறதா என்று பார்க்க எங்கள் கொல்லைக்குள் தினம் வந்து போனான். கேட்பது ஒரே கேள்வி.

“சோறு தின்னுச்சாய்யா?”

தின்றது என்று அப்பா சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போவான். அறுப்பைப் பற்றி அவனும் பேசவில்லை, அப்பாவும் பேசவில்லை. வயலில் கதிர் முற்றி மணி கொட்ட ஆரம்பித்தது. பேசி வைத்த வெளியூர் ஆட்கள் எப்போது வரலாம் என்று கேட்டு அனுப்பினார்கள். அப்பா பதில் சொல்லி அனுப்பப் போனபோது அம்மா சமையல் உள்ளிலிருந்து வெளியே வந்தாள். அப்பாவுக்கு எதிரே நின்று அவள் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“அவ உசுரு நம்ம கொல்லையில கட்டிக் கெடக்கு. இப்ப வெளியாள எறக்குவீங்களா?”

அப்பா ஆள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

டாக்டர் சொன்ன கெடு முடியச் சில நாட்களே இருந்தபோது ஒரு காலையில் துரை சோற்றைத் தொடவில்லை. தண்ணீரையும் தொடவில்லை. தலையைத் தரையில் வைத்துக்கொண்டு வாயோரம் எச்சில் ஒழுகக் கிடந்தது. தண்ணீரைக் கண்டு பயந்தால் வெறி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லக் கேட்டிருந்தேன். பக்கிரி அதைப் பார்த்துவிட்டுக் கையைத் தலையில் வைத்துக்கொண்டு கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டான். அப்பா தயிர்சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு, யாரும் போக அஞ்சும் அந்த வாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சாமி அறையில் கும்பிடுகிற குரலில், “தின்னுடா, தின்னுடா” என்று கெஞ்சினார். அதற்குக் கேட்காது என்பது அவருக்குத் தெரியும். நான் தம்பியைக் கட்டிக்கொண்டு, அஞ்சலை சாகக் கூடாது, அஞ்சலை சாகக் கூடாது என்று எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். ராத்திரியில் தீ வைக்க வருவார்கள் என்று நினைத்து நடுங்கியதெல்லாம் அந்தக் காலை வேளையின் நடுக்கத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

உச்சி வேளைக்குத் துரை எழுந்து நின்று முதுகை வளைத்து, அப்பாவின் செருப்பு வார் ஒரு துண்டைக் கக்கியது. அப்புறம் தட்டுச் சோற்றை முழுவதும் நக்கித் தின்றது. அப்பாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. பக்கிரியும் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டான். இரண்டு பேரும் ஒரே கிணற்று மேடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

கெடு முடிந்த மறுநாள் அறுப்புத் தொடங்கியது. கேட்ட கூலியை அப்பா அளந்தார். தாசில்தார் பேசி முடித்தார், அதனால் கொடுத்தேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டார். துரையை மாமா எங்கோ பிள்ளைகள் இல்லாத ஒரு தோப்புக்குக் கொண்டுபோய் விட்டார். கிழக்கே எரிந்தவை குடிசைகள் என்றும், எரிந்தவர்கள் அஞ்சலையைப் போன்றவர்கள் என்றும் நான் பெரியவளான பிறகுதான் அறிந்தேன். அவர்கள் எரிந்தார்கள், நாங்கள் ஜன்னலுக்குக் கம்பி போட்டுக்கொண்டோம்.

போன மாதம் சென்னையிலிருந்து என் மகள் போனில் கூப்பிட்டு, குழந்தைகள் கேட்கிறார்கள், எந்த ஜாதி நாய் வாங்கலாம் என்று கேட்டாள். படம் படமாக அனுப்பியிருந்தாள், எல்லாம் குழந்தைகளோடு ஒட்டிப் பழகுமாம். எந்த ஜாதியானாலும் சரி, முதுகுப் பக்கம் நின்று கையைத் தட்டிப் பார்த்துவிட்டு வாங்கு என்றேன். அதை அவள் வேடிக்கை என்று நினைத்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த வாரமே ஊருக்குப் போனேன். எங்கள் கொல்லையில் படலும் இல்லை, நார்த்தையும் இல்லை. வயலில் அறுப்பு மிஷின் ஓடுகிறது. கருக்கரிவாளைப் பார்க்க வேண்டுமானால் யார் வீட்டுப் பரணிலாவது தேட வேண்டும். அஞ்சலையின் மகன் சிங்கப்பூரில் சம்பாதித்துக் கட்டிய மாடி வீட்டில், இரும்பு கேட்டின் மேல் ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று பலகை தொங்கியது. உள்ளே சிமெண்டுத் தரையில் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. என் கால் பின்னுக்குப் போயிற்று. கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்று, “அஞ்சலை, நான் வந்திருக்கேன்” என்று குரல் கொடுத்தேன். உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது, யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, கடைசியில் துணி உலர்த்த வெளியே வந்த கிழவி கண்ணை இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அங்கயே நின்னு கூப்புட்டா யாருக்குக் கேக்கும்? உள்ள வா பாப்பா” என்றாள்.

நாய்க்குப் பயமாக இருக்கிறது என்றேன். அவள் வந்து கேட்டைத் திறந்து, வடு ஏறிய அந்த இடது கையை நீட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.